மூளையின் கனஅளவும் நம் அளவுகோலும்

மொழிபெயர்ப்பாளனின் பிழைகள் பெரும்பாலும் அச்சுத்தாளோடு நின்றுவிடும். என் பிழையொன்றோ நகரிக்கு அருகிலுள்ள ஒரு நெசவாளர் குடும்பத்தின் சமையலறை வரையில் சென்றுவிட்டது. அதனை ஒப்புக்கொண்டே இக்கட்டுரையைத் தொடங்க வேண்டியவனாயிருக்கிறேன்.

முதியோருக்கு வரும் மறதி நோயைப் பற்றிய விளக்கத் துண்டுப் பிரசுரம் ஒன்றைச் சில ஆண்டுகளுக்கு முன் தமிழாக்கினேன். ஸ்கேன் அறிக்கையைப் படித்தறியும் முறையைக் கூறும் பகுதியில், மூளையின் ஓர் உறுப்பு 'ஐந்தாவது பெர்சென்டைலில்' இருப்பதாக ஓர் உதாரணம் காட்டப்பட்டிருந்தது. அவசரத்தில் அதனை 'நூற்றுக்கு ஐந்து பங்கே உள்ளது' என்று எழுதிவிட்டேன். பிழை திருத்தியவர் கண்ணிலும் அது படவில்லை. அப்பிரசுரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றிய சுகாதாரப் பணியாளர் ஒருவர், எழுபதைக் கடந்த ஒரு மூதாட்டியின் ஸ்கேன் அறிக்கையில் அதே சொல்லைக் கண்டு, 'பாட்டிக்கு மூளை நூற்றில் ஐந்து பங்குதான் மிச்சம்' என்று வீட்டாருக்குப் படித்துச் சொல்லிவிட்டார். வீட்டார் அவரை அடுப்பங்கரைக்குள் விடவில்லை. இடுப்பிலிருந்த சாவிக்கொத்தையும் வாங்கிக்கொண்டனர். பின்னர் அப்பணியாளருக்கே ஐயம் உண்டாகி எங்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். 'ஐந்து பங்கு மூளையை வைத்துக்கொண்டு ஒருவர் நூல் வாங்கிய கணக்கை மருமகளிடம் பைசா சுத்தமாகக் கேட்க இயலுமா, ஐயா?' என்பதே அவர் கேள்வி. இதைவிடச் சிறந்த விஞ்ஞானக் கேள்வி எங்கள் அலுவலகத்திற்கு அதுவரை வந்ததில்லை.

அச்சொல்லுக்குரிய சரியான பொருள் வேறு. ஒத்த வயதும் ஒரே பாலும் உடைய நூறு ஆரோக்கியமான மனிதரை, அவ்வுறுப்பின் அளவைக்கொண்டு சிறியது முதல் பெரியது வரை வரிசையாக நிறுத்தினால், இவர் சுமார் ஐந்தாவது இடத்தில் நிற்பார் என்பதே அதன் பொருள். பள்ளிக் கணக்கில் இதனை 'நூற்றுமானம்' என்கிறோம். வரிசையில் எந்த இடம் என்பதை மட்டுமே அது தெரிவிக்கும். எவ்வளவு அழிந்தது, எவ்வளவு எஞ்சியது என்பதைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. மேலும், அந்த நூறு பேரும் ஆரோக்கியமானவர்களாகவே இருந்தாலும் அவர்களுள் ஐவர் எப்போதும் கடைசி ஐந்து இடங்களில் நின்றே தீர வேண்டும். ஓர் அறிக்கையில் மூளையின் 20 பகுதிகள் தனித்தனியே அளக்கப்பட்டு, அவை ஒன்றையொன்று சாராதவை எனக் கொண்டால், முற்றும் நலமுள்ள ஒருவருக்கும் அவற்றுள் ஏதேனும் ஒன்றாவது ஐந்தாவது நூற்றுமானத்திற்குக் கீழே அமையும் வாய்ப்பு நூற்றுக்கு 64. பதினோராம் வகுப்பில் நிகழ்தகவு கற்பிக்கும் ஆசிரியர் இக்கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டலாம், 0.95 என்னும் எண்ணை இருபது முறை பெருக்கி ஒன்றிலிருந்து கழித்தால் விடை வந்துவிடும்.

இந்த அறிக்கைகள் இன்று நம் பகுதிக்குப் புதியன அல்ல. திருப்பதியில் 1993 முதல் இயங்கிவரும் ஸ்ரீ வேங்கடேசுவர மருத்துவ விஞ்ஞானக் கழகத்திற்கும், சித்தூரிலிருந்து ஒரு மணிப் பயணத்தில் எட்டக்கூடிய வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கும், பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்திற்கும் சென்று திரும்புவோர் பெரிய உறையொன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருகின்றனர். வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949 இல் இந்தியாவின் முதல் நரம்பறுவைத் துறையைத் தோற்றுவித்தது முதல் இப்பக்கத்து மக்களுக்கு மூளை வைத்தியம் அந்நியமானதன்று. ஆனால் உறைக்குள்ளிருக்கும் அறிக்கை ஆங்கிலத்தில். மருத்துவர் விளக்கியது தெலுங்கில். வீட்டில் பேசுவது தமிழ். நகரி, குப்பம், சத்தியவேடு முதலிய எல்லைப்புற ஊர்களில் இம்மூன்றுக்கும் நடுவே நிற்பவர் பள்ளி ஆசிரியரோ கிராம சுகாதாரப் பணியாளரோதான். 'சார், இதிலே என்ன எழுதியிருக்கிறது?' என்று உறையை நீட்டும்போது அவர் சொல்லும் சொல்லே தீர்ப்பாகிவிடுகிறது. ஆகவே இந்த அளவு எவ்வாறு எடுக்கப்படுகிறது, எங்கே தவறக்கூடும் என்பதை அவர் அறிந்திருத்தல் அவசியம் என்பது என் கருத்து.

எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்தப் படக்கருவி, உடலிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்களை வலிய காந்தப் புலத்தில் நிறுத்தி, ரேடியோ அலையால் தூண்டி, அவை திருப்பியளிக்கும் குறியைப் படமாக்குகிறது. மூளையின் சாம்பல் நிறப் பகுதியும், வெண்ணிறப் பகுதியும், அவற்றைச் சூழ்ந்த நீரும் வெவ்வேறு ஒளியளவில் தோன்றுகின்றன. அளவெடுப்பதற்கான படத்தில் மூளை முழுவதும் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் பக்கமுள்ள சிறு கனசதுரங்களாகப் பகுக்கப்படுகிறது. 1,200 கன சென்டிமீட்டர் மூளையில் இத்தகைய கட்டங்கள் 12 லட்சம். ஓர் உறுப்பிற்குள் எத்தனை கட்டங்கள் அடங்குகின்றன என்று எண்ணிவிட்டால் அதுவே அவ்வுறுப்பின் கனஅளவு. கருத்து இவ்வளவு எளியதே.

மாணவர்க்கு இதனைக் காட்டுவதற்குக் கருவி எதுவும் வேண்டுவதில்லை. ஒரு சர்க்கரைவள்ளிக் கிழங்கு போதும். முதலில் அதனை அளவுச்சாடியில் நீருக்குள் அமிழ்த்தி, உயர்ந்த நீரின் அளவைக் குறித்துக்கொள்க. பின்னர் அரை சென்டிமீட்டர் தடிப்புள்ள வில்லைகளாக நறுக்கி, ஒவ்வொரு வில்லையையும் கட்டமிட்ட தாளின்மீது வைத்துப் பென்சிலால் சுற்றுக்கோடு வரைந்து, உள்ளே அடங்கும் கட்டங்களை எண்ணிப் பரப்பளவு காண்க. எல்லாப் பரப்பளவுகளையும் கூட்டி அரை சென்டிமீட்டரால் பெருக்கினால் கிழங்கின் கனஅளவு கிடைக்கும். வெட்டுமுகங்களின் பரப்பைக் கொண்டு கனஅளவை ஒப்பிடும் இவ்வழியை இத்தாலியக் கணித அறிஞர் கவலியேரி 1635 இல் தம் நூலில் வெளியிட்டார். ஆர்க்கிமிடீசின் நீர்முறையை உயிருள்ளவர் மூளைக்குப் பயன்படுத்த இயலாது. ஆதலால் மருத்துவர்க்குக் கவலியேரியே துணை.

பரிசோதனையின் சுவாரசியமான பகுதி இனிமேல்தான் வருகிறது. ஒரே வில்லைகளை இரண்டு மாணவரிடம் தனித்தனியே கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். விடைகள் ஒத்துவரா. ஓரத்துக் கட்டத்தை ஒருவர் சேர்ப்பார்; மற்றவர் விடுவார். கிழங்கின் இரு நுனிகளும் கூம்பியிருப்பதால், எந்த வில்லையோடு நிறுத்துவது என்பதிலும் வாதம் எழும். பாதிக்கு மேல் உள்ளடங்கிய கட்டத்தை எண்ணுக, குறைந்ததை விடுக என்று ஆசிரியர் விதி செய்தபின் வேறுபாடு குறையும், ஒழியாது.

மூளைக்குள் இவ்வாதம் மிகுதியும் நிகழும் இடம் ஹிப்போகாம்பஸ் என்னும் உறுப்பு. 1587 இல் அரான்சி என்ற இத்தாலிய உடற்கூற்றறிஞர் அதன் வளைந்த வடிவைக் கண்டு கடற்குதிரையின் பெயரை இட்டார். நானும் ஒருமுறை அதனைக் 'கடற்குதிரைப் பகுதி' என்று தமிழாக்கிப் பார்த்தேன். மலைப்பக்கத்து ஆசிரியர் ஒருவர், 'மூளைக்குள் குதிரை எப்படி வந்தது, அதுவும் கடலிலிருந்து?' என்று எழுதியனுப்பிய பிறகு ஹிப்போகாம்பஸ் என்றே விட்டுவிட்டேன். இவ்வுறுப்பு பொட்டுப் பகுதியின் உட்புறத்தில், பக்கத்திற்கு ஒன்றாக இரண்டு உண்டு. ஒன்றின் அளவு சுமார் 3 முதல் 4 கன சென்டிமீட்டர். ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கிவிடும். புதிய செய்திகளை நினைவில் பதிப்பதற்கு இது இன்றியமையாதது. அல்சைமர் நோயில் முன்னதாகவே சுருங்கும் உறுப்புகளுள் இதுவும் ஒன்று. அதனாலேயே அறிக்கைகளில் இதற்கு இத்துணை மதிப்பு.

இதன் அளவில் எல்லைப் பிழை என்ன செய்யும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். எளிமை கருதி 40 மில்லிமீட்டர் நீளமும் 3,500 கன மில்லிமீட்டர் அளவும் கொண்ட ஓர் உருளையாக அதனைக் கொள்வோமானால், ஆரம் 5.3 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். எல்லைக்கோட்டைச் சுற்றிலும் வெறும் அரை மில்லிமீட்டர் உள்ளே தள்ளி வரைந்துவிட்டால் அளவு ஏறத்தாழ 18 சதவீதம் குறைந்துவிடும். அல்சைமர் நோயாளருக்கு இவ்வுறுப்பு ஆண்டுக்குச் சராசரியாக 4 முதல் 5 சதவீதமும், முதுமையொன்றே உடையவர்க்கு 1 முதல் 1.5 சதவீதமும் குறைவதாகப் பல ஆராய்ச்சிகளைத் தொகுத்துக் கண்டிருக்கின்றனர். அஃதாவது அரை மில்லிமீட்டர்ப் பிழை நான்கு ஆண்டு நோய்க்குச் சமம். படம் எடுக்கும் கட்டமே ஒரு மில்லிமீட்டர் என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும்.

கையால் வரைந்த காலத்தில் ஒவ்வோர் ஆராய்ச்சிக்கூடமும் தனக்கென ஓர் எல்லை விதி வைத்திருந்தது. ஐரோப்பிய, அமெரிக்க அறிஞர்கள் கூடி ஒரு பொது விதியைச் சமைத்து அதன் தகுதியைச் சோதித்து 2015 இல் வெளியிட்டனர். இன்று பெரும்பாலும் கணினியே எல்லையை வரைகிறது. கணினிக்குச் சலிப்பில்லை, ஆனால் அதற்கும் பழக்கவழக்கங்கள் உண்டு. பரவலாக வழங்கும் ஃப்ரீசர்ஃபர் என்னும் நிரலின் வெவ்வேறு பதிப்புகளை ஒரே படங்களின்மீது செலுத்திப் பார்த்த ஓர் ஆய்வு 2012 இல் வெளியாயிற்று. பதிப்பு மாறியதனாலேயே பகுதிகளின் கனஅளவு சராசரியாக 8 சதவீதத்திற்கு மேல் வேறுபட்டது. நோயாளி ஒருவரே, படம் ஒன்றே, நிரலின் பதிப்பெண் மட்டுமே வேறு! திருப்பதியில் ஓர் ஆண்டும் சென்னையில் மறு ஆண்டும் படம் எடுத்துக்கொண்டு, 'சுருங்கிவிட்டது' என்று கலங்குவோர் இதனை அறிய வேண்டும்.

இப்பிழைகளை நுணுக்கமாக எண்ணிப் பார்க்குங்கால், எந்த ஒப்பீடு நம்பத்தக்கது என்பது தானே விளங்கும். ஒருவரை அவரோடேயே ஒப்பிடுவதுதான் அது. வலிப்பு நோயில் இம்முறை நெடுநாளாகப் பயன்பட்டு வருகிறது. ஒரு பக்கத்து ஹிப்போகாம்பஸ் வடுப்பட்டுச் சுருங்கியிருக்குமாயின், அதே தலையிலுள்ள மறுபக்கத்து உறுப்போடு அதனை ஒத்துப்பார்த்து, வலிப்பு எங்கிருந்து எழுகிறதென்று துணிய முடிகிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1990களின் நடுப்பகுதி முதல் இத்தகைய நோயாளர் பலர் அறுவை சிகிச்சை பெற்றுள்ளனர். கருவியும் ஒன்று, நாளும் ஒன்று, மண்டையும் ஒன்று. அளவுகோலின் குற்றம் இருபுறத்தையும் ஒன்றுபோலத் தாக்குவதால் ஒப்பீடு பெரிதும் கெடுவதில்லை. அவ்வாறே ஒரே கருவியில், ஒரே நிரலைக் கொண்டு, ஓராண்டு இடைவெளியில் எடுத்த இரு அளவுகளும் பொருளுடையவை. பிறரோடு ஒப்பிடும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. ஏனெனில் அந்தப் 'பிறர்' யார் என்பதை அறிக்கை சொல்வதில்லை.

உலகெங்கும் அறிஞர் நெடுங்காலம் கையாண்ட தலேராக் மூளைப் படத்தொகுப்பு 1988 இல் வெளியானது. இறந்துபோன ஒரே ஒரு பிரெஞ்சு மூதாட்டியின் மூளை அதற்கு ஆதாரம். பின்னர் கனடாவிலுள்ள மான்ட்ரியால் நிறுவனத்தார் 152 பேரின் படங்களிலிருந்து பொது மாதிரி ஒன்றை உருவாக்கினர். நம் நாட்டு மூளைகளும் பெரும்பாலும் அம்மாதிரியின்மீதே இழுத்துப் பொருத்தப்பட்டன. நம் அளவில் தைத்த சட்டை இல்லாதவன் அண்டை வீட்டார் சட்டையைப் போட்டுக்கொண்டு, தன் தோளில் குறை காண்பது போன்றதே இது.

ஐதராபாத்திலுள்ள சர்வதேசத் தகவல் தொழில்நுட்பக் கழகத்தார் 2019 இல் இந்திய மூளைப் படத்தொகுப்பு ஒன்றை வெளியிட்டது இக்குறையைப் போக்குவதற்கான நல்ல முயற்சி. 21 முதல் 30 வயது வரையுள்ள 50 ஆடவர், 50 பெண்டிர் ஆகிய நூறு ஆரோக்கியமானவர்களின் படங்கள் அதற்கு அடிப்படை. மேனாட்டு மாதிரியைவிட நீளம், அகலம், உயரம் மூன்றும் சராசரியில் குறைவு என்றும், ஹிப்போகாம்பஸின் அளவும் பொதுவாகச் சிறியது என்றும் அதனால் தெரியவந்தது. 2020 இல் நிம்ஹான்ஸ் அறிஞர்கள் 6 வயது முதல் 60 வயது வரை ஐந்து பருவங்களுக்குத் தனித்தனி மாதிரிகளை வெளியிட்டனர். மேனாட்டு அளவுகோலை வைத்து நம்மவரை அளந்தால், ஒரு குற்றமுமற்ற ஹிப்போகாம்பஸும் 'குறைவு' என்னும் முத்திரையைப் பெறக்கூடும் என்பது இவற்றிலிருந்து கிடைக்கும் பாடம்.

ஆனால் 2019 ஆம் ஆண்டுச் செய்தித்தாள்கள் பல வேறொரு பாடத்தைக் கற்றன. 'இந்தியர் மூளை சிறியது' என்பதே தலைப்பு! தேநீர்க் கடைகளில் அதனைப் படித்துச் சிரித்தோரும் உண்டு, சினந்தோரும் உண்டு. இது பழைய நோய். அமெரிக்க மருத்துவரான சாமுவேல் மார்ட்டன் 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பல இனத்தார் மண்டையோடுகளைச் சேகரித்து, அவற்றுள் கடுகை நிரப்பிக் கொள்ளளவு கண்டார். கடுகு ஒருமுறை நிரப்பியது போல் மறுமுறை நிரம்பவில்லை என்று கண்டு ஈயக் குண்டுகளுக்கு மாறினார். கருவியைத் திருத்தியவர், தாம் கேட்ட கேள்வியைத் திருத்தவில்லை. மண்டையின் அளவுப்படி மனித இனங்களை உயர்வு தாழ்வாக வரிசைப்படுத்தினார். நாவலாசிரியர் துர்கனேவின் மூளை 2,012 கிராம். நோபல் பரிசு பெற்ற அனதோல் பிரான்சின் மூளை 1,017 கிராம். ஐன்ஸ்டைனுடையது 1,230 கிராம். இவ்வெண்களை வைத்துக்கொண்டு மதிப்பெண் போட முன்வருபவர் யார்? ஆடவர் மூளை பெண்டிர் மூளையைவிடச் சராசரியில் பத்தில் ஒரு பங்கு பெரியது. அறிவில் அதற்கேற்ற வேறுபாடு இல்லை. உடலும் மண்டையும் பெரிதாயின் மூளையும் பெரிதாகும். ஆதலினாலேயே கவனமுள்ள ஆராய்ச்சியாளர் ஒவ்வோர் உறுப்பின் அளவையும் மண்டையின் உட்கொள்ளளவோடு பொருத்திப் பார்க்கின்றனர். அவ்வாறு பொருத்தாத எண்ணைக் கையிலெடுக்கவே கூடாது.

ஆசிரியர்களுக்கு இங்கே தனியாக ஒரு வார்த்தை. வலிப்பு நோயுள்ள எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனின் பெற்றோர் ஸ்கேன் அறிக்கையைக் காட்டியதாகவும், இடப்பக்க ஹிப்போகாம்பஸ் சிறியது என்று அதில் இருந்ததாகவும், ஆகவே அவனுக்குக் கணக்குப் பாடத்தில் விலக்கு அளிக்கலாமா என்றும் எல்லைப்புறப் பள்ளியொன்றின் ஆசிரியர் எழுதியிருந்தார். அன்பினால் எழுந்த கேள்வியே. எனினும் விடை 'கூடாது' என்பதுதான். மருத்துவர் அந்த அளவை எடுத்தது வலிப்பின் இடத்தைக் காண்பதற்கு. மாணவன் எவ்வளவு கற்பான் என்று காண்பதற்கன்று. அவன் கற்கும் திறத்தை அறிய வேண்டுமாயின் கற்பித்துப் பார்ப்பதே வழி. மறதி மிகுந்தால் மருந்தின் விளைவா, இரவில் வலிப்பு வந்து தூக்கம் கெடுகிறதா என்று கேட்டறிந்து மருத்துவருக்குக் குறிப்பு எழுதலாம். அது பயனுள்ள பணி. பள்ளிப் பதிவேட்டில் மூளையின் அளவை எழுதி வைத்தல் அடாத செயல். மேலும் இவ்வுறுப்பு பிறவியில் வார்த்த அச்சாகவே இருந்துவிடுவதில்லை என்று எண்ணவும் இடமுண்டு. லண்டன் நகரின் ஆயிரக்கணக்கான தெருக்களை மனப்பாடம் செய்த டாக்சி ஓட்டுநர்களுக்கு ஹிப்போகாம்பஸின் பின்பகுதி பெரிதாகவும் முன்பகுதி சிறிதாகவும் இருந்ததாக 2000 இல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. மொத்த அளவை மட்டும் பார்த்திருந்தால் அவ்வேறுபாடு கண்ணுக்கே தப்பியிருக்கும்.

மேலே சொன்ன இரு இந்திய மாதிரிகளிலும் ஒரு பெரிய இடைவெளி இருப்பதை வாசகர் கவனித்திருப்பர். ஒன்று முப்பது வயதோடு நின்றது. மற்றது அறுபதோடு நின்றது. மறதி நோய் தொடங்குவதோ பெரும்பாலும் அதற்குப் பின்னர்தான். இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டோருள் 7.4 சதவீதத்தினர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், அறிவுத்தேய்வு நோயுடையவர் என்று 2023 இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டுள்ளது. எந்த வயதினருக்கு அளவுகோல் மிகவும் தேவையோ அந்த வயதினரே அவற்றுள் விடுபட்டிருக்கின்றனர்.

இக்குறையை நிரப்பக்கூடிய வேலை நமக்கு மிக அருகிலேயே நடைபெற்று வருகிறது. பழைய சித்தூர் மாவட்டத்தின் மேற்கெல்லையைத் தாண்டினால் கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரம் வட்டம். நம் பக்கத்தைப் போலவே மாந்தோப்புகள் நிறைந்த வட்டாரம். கன்னடமும் தெலுங்கும் கலந்து பேசும் மக்கள். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்து மூளை ஆராய்ச்சி மையத்தார், 45 வயதும் அதற்கு மேலும் உள்ள கிராமத்தவர் பதினாயிரம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கும் நோக்கத்துடன் 2018 இல் அங்கே ஓர் ஆய்வைத் தொடங்கினர். நினைவுத்திறன், இரத்தம், மரபணு இவற்றோடு மூளையின் காந்தப் படமும் அதில் அடங்கும். நோயாளரை மட்டுமன்றி நோயற்றவரையும், ஒருமுறை மட்டுமன்றி மீண்டும் மீண்டும் அளப்பதே இதன் சிறப்பு. உழைத்த உடம்பும், எழுத்தறியாத மூளையும், உப்பும் சர்க்கரையும் மிகுந்த முதுமையும் மேனாட்டு மாதிரிகளில் இடம்பெற்றவை அல்ல, சீனிவாசபுரத்தில் இடம்பெறுகின்றன. இத்தகைய முயற்சி எல்லைக்கு இப்பாலும் நடைபெற வேண்டும் என்பதும், நகரியின் நெசவாளரும் குப்பத்தின் குடியானவரும் அந்த வரிசையில் நிற்க வேண்டும் என்பதும் என் வேண்டுகோள்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. நரம்பு மருத்துவரே இல்லாத ஊர்களில் மூளையின் அளவைப் பற்றிப் பேசுவது ஆடம்பரமல்லவா என்று நண்பர் ஒருவர் கேட்டார். பாதி ஒப்புக்கொள்கிறேன். மறதி என்று வந்த முதியவருக்கு முதலில் வேண்டுவது கனஅளவு அன்று. வீட்டார் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டலும், எளிய நினைவுச் சோதனையும், தைராய்டு, பி12 வைட்டமின் ஆகியவற்றின் குறைவு உண்டா என்னும் இரத்தப் பரிசோதனையும், மனச்சோர்வா என்னும் விசாரணையும், காது கேட்கிறதா என்னும் சோதனையுமே முதலிடம் பெற வேண்டியவை. இவற்றுள் சில திருத்தக்கூடிய காரணங்கள். ஸ்கேனுக்குப் பணம் சேர்க்கும் வரை காத்திருக்கத் தேவையில்லாதவை. ஆனால் மறுபாதியை ஒப்புக்கொள்ள இயலாது. அறிக்கைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன; எண்கள் வீட்டுக்குள் புகுந்துகொண்டுதான் இருக்கின்றன. அளவுகோலை நாம் செய்துகொள்ளாவிட்டால் அளக்கப்படாமல் இருந்துவிடப் போவதில்லை. பிறர் கோலால் அளக்கப்படுவோம். அவ்வளவே வேறுபாடு.

களப்பணியாளர் கையில் ஒரு பங்கு இருக்கிறது. படம் எடுக்கும்போது தலையை அசைத்தால் எல்லை மங்கி, அளவு உண்மையினும் குறைவாகத் தோன்றக்கூடும். இடிபோல் ஒலி எழும் குழாய்க்குள் பல நிமிடம் அசையாமல் படுக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லி, வீட்டிலேயே ஒருமுறை படுக்க வைத்துப் பழக்கினால் பாதித் துன்பம் நீங்கும். நகைகளையும் உலோகக் கொக்கிகளையும் களைய வேண்டும். தாலியைக் கழற்ற மனம் ஒவ்வாத பெண்டிர் அன்றைக்கு மட்டும் வெறும் மஞ்சள் கயிற்றை அணிந்து செல்லலாம் என்று மூத்த பணியாளர்கள் ஆலோசனை கூறுவதைக் கேட்டிருக்கிறேன். இதயத்தில் பேஸ்மேக்கரோ உடலில் வேறு உலோகமோ வைக்கப்பட்டிருந்தால் அதனைக் கட்டாயம் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும். இது உயிர் பற்றிய செய்தி. ஆராய்ச்சிக்காக அழைக்கப்படுவோரிடம், இது சிகிச்சையன்று, மறுக்க உரிமையுண்டு என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். மாங்காய்ப் பருவத்தில் ஒரு நாள் கூலியை விட்டு வருபவருக்கு அந்நாளின் மதிப்பு நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அறிக்கை எழுதுவோரிடம் நான் கேட்பது பெரிதன்று. கனஅளவை எழுதும்போது அதன் கீழே இரண்டு வரி சேர்த்தால் போதும்: எந்தக் கருவி, எந்த நிரல், அதன் எந்தப் பதிப்பு, மண்டையின் அளவோடு பொருத்தியதா, எந்நாட்டில் எந்த வயதினரான எத்தனை பேரோடு ஒப்பிட்டது. மளிகைக் கடைப் படிக்கல்லுக்குக்கூட அரசாங்க முத்திரை கேட்கும் நாடு நமது. மூளையை அளக்கும் கோலுக்கு முத்திரை வேண்டாமா?

சொற்களைப் பற்றிய பொறுப்பு எங்களைப் போன்றவர்களுடையது. 'அட்ரோஃபி' என்பதை 'அழிவு' என்றும் 'சிதைவு' என்றும் எழுதிவந்தோம். இப்போது 'சுருக்கம்' என்று எழுதுகிறேன். 'நார்மலுக்குக் கீழே' என்பதைக் 'குறைபாடு உடையது' என்று எழுதியதையும் மாற்றி, 'ஒப்பிட்ட கூட்டத்தின் சராசரியினும் சிறியது' என்று எழுதுகிறேன். நீளம்தான், ஆனால் யாருடைய சாவிக்கொத்தையும் அது பறிப்பதில்லை. நகரிப் பணியாளருக்குத் திருத்திய பிரசுரத்தையும் ஒரு மன்னிப்புக் கடிதத்தையும் அனுப்பினேன். மூதாட்டி அதற்கு முன்னரே சமையலறையைத் தாமே மீட்டுக்கொண்டார் என்றும், தெருப்பெயர்கள் சில மறந்தாலும் நூல் கணக்கு மறக்கவில்லை என்றும், அடுத்த ஆண்டு அதே கருவியில் மறுபடம் எடுக்குமாறு மருத்துவர் கூறியிருக்கிறார் என்றும் பதில் வந்தது.

'நூற்றுமானம்' என்னும் சொல் வகுப்பறைக்குப் பொருந்துமேயன்றித் திண்ணைக்குப் பொருந்துவதாகத் தெரியவில்லை. 'நூறு பேர் வரிசையில் ஐந்தாவது இடம்' என்று இப்போதைக்கு வைத்திருக்கிறோம். இதனினும் எளிதாக, மூதாட்டியர்க்கும் விளங்கும்படியாக, தங்கள் ஊரில் வழங்கும் சொல் ஏதேனும் இருப்பின் ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் எழுதியனுப்புவார்களாக. அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகுமுன் சேர்த்துக்கொள்ள வசதியாயிருக்கும்.